மூக்கு சாரும் முட்டை போடாத கேக்கும்

உலகத்திலுள்ள மூக்குகளையெல்லாம் வரிசையில் நிறுத்தினால் முதல் இடத்தில் நிற்பது பெங்களூர் ஈஜிபுராவில் என் பழைய வீட்டு ஓனரின் மூக்காகத்தான் இருக்கும். அவருக்குப் பெயர் இருந்தது. நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. மூக்கு சார் என்றால் தெருமுனை இஸ்திரிக்காரர்வரை தெரியும். தரைத்தளத்தில் அவர் தனியாக இருந்தார். மேலே மூன்று மாடிகளில் வாடகைக்கு நாங்கள். அவர் கீழே மூச்சை இழுத்தால் மூன்றாம் மாடியில் என் ஜன்னல் திரை ஆடும்.

கட்டடத்துக்கு ஒரே சட்டம்: கறி, மீன், முட்டை கூடாது. இரண்டாம் மாடியில் வடநாட்டுத் தம்பதி ஒருநாள் கொய்யாப்பழத்தில் கறுப்பு உப்பைத் தூவினார்கள். அந்த உப்புக்கு லேசாக முட்டை வாடை உண்டு. அவர்கள் பழத்தைக் கடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. ஃப்ரிட்ஜ், குப்பைக்கூடை, கட்டிலடி எல்லாம் சோதனை. கடைசியில் கொய்யாவை மோந்து பார்த்துவிட்டு, நம்பாமலே இறங்கிப் போனார்.

முதல் மாடிப் பையனைப் படிக்கட்டிலேயே மடக்கினார்.

"ஏம்ப்பா, ஆம்லெட் சாப்ட்டியா?"

"ஆபீஸ் கேன்டீன்ல சார். இங்க இல்ல."

"நீ அங்க சாப்ட்டே. உன் சட்டை இங்க வந்திருக்கே! கழட்டி வெளிய போட்டுட்டு மேல போ."

பையன் பனியனோடு மாடியேறினான்.

என் ஷாம்பு பாட்டிலில் முட்டைப் படம் போட்டிருந்தது. அதற்கும் விசாரணை வந்தது.

"தலைக்குத் தேய்க்கிறது சார், திங்கறதில்ல."

"தலை எங்கம்மா இருக்கு? வீட்டுக்குள்ளதானே?"

இத்தனையையும் ஏன் சகித்தேன் என்று கேட்பீர்கள். பெங்களூரில் தனியாக வீடு தேடிய பெண்களுக்குத் தெரியும். சம்பளத்தைக் கேட்கும் முன் "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கும். கேட்பவருக்கும் அது தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அம்மாவின் பெண் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்ததும் கல்லூரிக்குப் போனதும் முதலில் நான்தான். பொய் சொல்லி வீடு பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. "சாப்பிடுவேன் சார். ஆனா உங்க வீட்டுக்குள்ள சாப்பிட மாட்டேன்" என்றேன். மூக்கு சார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேன். முட்டை வேண்டுமென்றால் கேன்டீனில் தின்றேன், வாயைக் கொப்பளித்தேன், வீட்டுக்கு வந்தேன்.

என்னை மாட்டிவிட்டது என் பெருமைதான். ஆபீசில் டீம் லீடர் ஆனேன். கடையில் வாங்காமல் என் கையால் செய்து கட்டடம் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. மைதா, சர்க்கரை, தயிர், எண்ணெய், ஏலக்காய், ஒரு சிட்டிகை சோடா மாவு. குக்கரின் கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைக் கொட்டிச் சூடேற்றி, மேலே கிண்ணத்தை வைத்தேன். கேக் பஞ்சு மாதிரி எழும்பியது. அதுதான் என் கெட்ட காலம்.

மூக்கு சார் ஒரு துண்டை மோந்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். அதையும் முடித்துவிட்டுச் சொன்னார்:

"முட்டை போட்டிருக்கே."

"இல்ல சார். தயிர்."

"சும்மா பொய் சொல்லாதேம்மா. வாடையே இல்லாம பண்ணிட்டே, கெட்டிக்காரிதான். ஆனா நாக்கு சொல்லுதே. முட்டை இல்லாம இவ்ளோ மெத்துனு எப்படி வரும்? மாசக் கடைசில ரூமைக் காலி பண்ணிடு."

நன்றாக வந்ததே குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது. வீடு போவதைவிட, பொய்க்காரி என்றது சுட்டது.

"உங்க கண்ணு முன்னாடி செஞ்சு காட்டறேன் சார். ஞாயித்துக்கிழமை வாங்க."

வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். மைதாவை மோந்தார், தயிரை மோந்தார், கரண்டியைத் திருப்பித் திருப்பி மோந்தார். குக்கருக்குள் எட்டிப் பார்த்தார்.

"உப்பு எதுக்கு? கறுப்பு உப்பா?"

"வெள்ளை உப்பு சார்."

கிண்ணத்தை உள்ளே வைத்து மூடினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்துவந்து மூடியைத் தூக்கினார்.

"சார், தொறக்காதீங்க! அமுங்கிடும்."

"நான் அந்தப் பக்கம் திரும்பறப்ப நீ ஏதாச்சும் போட்டுட்டா?"

மறுபடி தூக்கினார். மறுபடியும். எழும்பி வந்த கேக் ஒவ்வொரு தரமும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்தது. கடைசியில் வெளியே எடுத்தபோது பஸ் சக்கரம் ஏறிய இட்லி மாதிரி இருந்தது, நடுவில் குழியோடு.

மூக்கு சார் முகத்தில் தீபாவளி. "பாத்தியா? முட்டை இல்லன்னா இப்படித்தான் வரும். அப்ப அன்னிக்கு வந்தது?"

படித்துவிட்டால் உன் பேச்சுக்கு மரியாதை வந்துவிடும் என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தாள். பட்டம் வாங்கியாயிற்று, பதவியும் வாங்கியாயிற்று. ஒரு கிண்ணம் மைதா விஷயத்தில் என் பேச்சு செல்லவில்லை.

"தட்டு குடும்மா. இதுல சந்தேகமே இல்ல" என்று அந்த அமுங்கின கேக்கை முழுவதும் அவரே சாப்பிட்டார். கிண்ணத்தில் ஒட்டியதையும் சுரண்டினார். மாசக் கடைசியில் நான் காலி செய்தேன்.

அடுத்து விவேக் நகரில், சர்ச்சுக்குப் பின்தெருவில் ஒரு டீச்சர் வீட்டின் மாடி கிடைப்பதுபோல் இருந்தது. டீச்சர் பழைய ஓனரின் நம்பரைக் கேட்டார். இதுவும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். மறுநாள் கூப்பிட்டார்.

"உங்க ஓனர்கிட்ட பேசினேம்மா. பொய் பேசாத பொண்ணு, கண்ணை மூடிட்டு சாவி குடுக்கலாம்னாரு."

"அவரா சொன்னாரு?"

"ஆமா. கேக் குடுத்தா மட்டும் விசாரிச்சுட்டு சாப்பிடுங்கன்னாரு. அது என்னம்மா?" டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நாங்க கிறிஸ்துமஸுக்கு டஜன் கணக்குல முட்டை உடைக்கறவங்க. நீ வா."

பொய் பேசாத பெண் என்று தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறார். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இந்த வீட்டில் முட்டைக்குத் தடையில்லை. இருந்தும் முதல் ஞாயிற்றுக்கிழமை தயிரைத்தான் கலந்தேன். நன்றாக எழும்பியது. முதல் துண்டை வெட்டி, ஈஜிபுராவுக்குக் கொண்டுபோக ஒரு டப்பாவில் போட்டுத் தனியாக வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூக்கு சார் வீட்டில் அடுப்பு எரிந்து நான் பார்த்ததே இல்லை.