பெண்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்

அனுப்புநர்:
சு. பாண்டீஸ்வரி,
தென்னை மரம் ஏறுபவர்,
ஓடைப்பட்டி, தேனி மாவட்டம்.

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
‘தோப்பும் தோட்டமும்’ மாத இதழ்.

பொருள்: தங்கள் இதழில் வந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சடிப்பவர் முதல் தபாலில் சேர்ப்பவர் வரை அத்தனை பேரும் நலமாக இருக்க வீரபாண்டி கௌமாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் நலம். என் வீட்டுக்காரர் நலமா என்பதை அண்ணாந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் இப்போது ஞானதுரை அண்ணாச்சி தோப்பில், வேலியோரத்துத் தென்னையின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். ஏறிவிட்டார், இறங்க முடியவில்லை. நான் அதே மரத்தடியில் தேங்காய் மூட்டையின்மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எழுதுவதைச் சத்தமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம். ஆகையால் இதில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் மேலே அவர் காதிலும் விழுந்துகொண்டிருக்கிறது. இந்த வரி எழுதும்போதே மேலேயிருந்து ஒரு பிஞ்சுக் குரும்பை வந்து என் பக்கத்தில் விழுந்தது. அதுதான் அவர் பதில்.

இதற்கெல்லாம் காரணம் நீங்கள்தான் ஐயா. போன இதழில் ‘தென்னை ஏறும் இயந்திரம்: தொழிலாளர்களுக்குச் சில யோசனைகள்’ என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். யோசனைகளைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஏறுமுன் கம்பி வடத்தைப் பார், ஈர மரத்தில் ஏறாதே, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதே, எல்லாம் சரி. ‘வேலை நேரத்தில் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளவும்’ என்பதும் சரிதான், அந்த மரத்தில் முசுறு எறும்பு குடியிருக்காத வரைக்கும். படத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தம்பி மெஷினைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்று சிரிக்கிறார். அதற்குமேல் ஏறியிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது, போகட்டும். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதினீர்களே: ‘வேலை முடிந்ததும் இயந்திரத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, பெண்கள் மற்றும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ ஐயா, அந்த மெஷின் என்னுடையது. துடைக்கிறவள் நான், கிரீஸ் தடவுகிறவள் நான், ஏறுகிறவளும் நான். என் கைக்கு எட்டாத இடத்தில் அதை நான் எப்படி வைப்பது? வைத்தால் மறுநாள் யாரை விட்டு எடுப்பது?

என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியாமல்தான் எழுதியிருப்பீர்கள். ஆகவே சொல்கிறேன். நானும் சின்னமனூர்ப் பூமாரியும் ஒன்றாகப் பயிற்சிக்குப் போய்க் கற்றவர்கள். மெஷின் என்றதும் எல்லாரும் மோட்டார் இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஒன்றும் கிடையாது. இடது காலுக்கு ஓர் இரும்புச் சட்டம், வலது காலுக்கு ஒன்று, இரண்டையும் மரத்தோடு சேர்த்துப் பிடிக்கக் கம்பி வடம். மாற்றி மாற்றி மிதித்துத் தூக்கினால் ஆள் மேலே போய்க்கொண்டே இருக்கலாம். மிதிக்கிறது ஆம்பிளைக் காலா பொம்பளைக் காலா என்று கம்பி வடம் கேட்டதே இல்லை. அதற்கு முன்னால் எனக்கு எல்லாமே குனிந்த வேலை. குனிந்து களை எடுத்தேன், வடுகபட்டிக்குப் பஸ் ஏறிப் போய் மண்டியில் குனிந்து பூண்டு அறுத்தேன், வீட்டுக்கு வந்து குனிந்து கூட்டினேன். நான் நிமிர்ந்து செய்கிற முதல் வேலை இதுதான் ஐயா. இதை விடமாட்டேன். இதை எழுதும்போது சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது, அடுத்த தோப்பு நாய் குரைக்கிறது.

எங்கள் பக்கத்தில் தென்னை ஏறுகிறவர் ஏறுமுன் ஒரு குரல் கொடுக்க வேண்டும், “மரத்துல ஆளேய்ய்!” என்று. இங்கே குளியலறைக்குச் சுவர் இருக்கும், பல வீடுகளில் கூரை இருக்காது. உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் திறந்து கிடக்கும். குரல் கேட்டால் பெண்கள் சேலையை இழுத்து மூடிக்கொள்வார்கள். நான் முதல்நாள் முறைப்படி குரல் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் குளித்துக்கொண்டிருந்த சொர்ணலதா அக்கா, “ஏத்தா, நீதான ஏறுற? நீ பாத்து என்னத்தக் கண்டுட்ட, ஏறு ஏறு” என்று சோப்புப் போடுவதை நிறுத்தாமலே சொன்னார். சிதறி ஓடியது யார் தெரியுமா? பம்புசெட் தொட்டியில் கோவணத்தோடு குளித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகள். ஒருவர் வாழைக்குள் பாய்ந்தார், ஒருவர் தொட்டிக்குள்ளேயே முங்கி மூக்கை மட்டும் வெளியே வைத்திருந்தார். பாவமாக இருந்தது. அதனால் அடுத்த மரத்திலிருந்து நானே குரலைத் திருத்திக்கொண்டேன், “மரத்துல பொம்பளேய்ய்!” என்று. அதுவும் குற்றமாகப் போயிற்று. “எங்களுக்கும் மானம் மரியாதை இருக்குல்ல அண்ணாச்சி, நிம்மதியா ஒரு முதுகு தேய்க்க முடியல” என்று திரண்டு போய் ஞானதுரை அண்ணாச்சியிடம் முறையிட்டார்கள்.

அண்ணாச்சி நல்ல மனிதர். தேனி பஜாரில் கடை, இங்கே தோப்பும் தோப்பு வீடும். அவரிடம் ஒரே ஒரு குறை, அச்சில் வந்ததை அப்படியே நம்புவார். முறையீடு வந்த வாரமே உங்கள் புத்தகமும் வந்து சேர்ந்தது. “நான் என்னத்தா செய்ய? பொம்பளைக கைக்கு எட்டாத எடத்துல வைக்கணும்னு புத்தகத்துலயே போட்டிருக்காக. படிச்சவுக காரணம் இல்லாமயா எழுதுவாக?” என்றார். அடுத்த வெட்டுக்கு, அதாவது அடுத்த முறை காய் இறக்குவதற்கு, வேறு ஆளைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். இந்தத் தோப்பு போனால் பக்கத்துத் தோப்பும் போகும் ஐயா. ஒருத்தர் நிறுத்தினால் எல்லாரும் நிறுத்துவார்கள். எனக்கு மறுபடி பூண்டு மண்டிதான். நான் வாயைத் திறக்குமுன்னே என் வீட்டுக்காரர் சுரேஷ்கண்ணன் முன்னால் வந்து, “அண்ணாச்சி, இனிமே மெஷின் எம் பொறுப்பு. நான் ஏறுறேன்” என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவர் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். அவர் இதுவரை ஏறிய மிகப் பெரிய உயரம் திராட்சைப் பந்தல். அதிலும் ஸ்டூல் போட்டு.

(குரும்பை. “ஸ்டூல்னு ஏண்டி எழுதுற? ஏணி, ஏணி!” என்கிறார். சரி, ஏணி என்று திருத்திக்கொள்ளவும்.)

இன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணாச்சி சர்ச்சுக்குக் கிளம்புமுன் ஒரு மரம் ஏறிக் காட்டினால் வேலை உறுதி என்று பேச்சு. நான் இவருக்கு மூன்றே விஷயம் சொன்னேன். மேலே போகப் போக மரம் மெலியும், வடத்தை இறுக்கிக்கொண்டே போங்கள் என்றேன். சட்டத்திலிருந்து காலை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்றேன். ஏறுமுன் குரல் கொடுங்கள் என்றேன். “எனக்குத் தெரியும், நீ அங்கன தள்ளி நில்லு” என்றார். இடுப்பு பெல்ட் வேண்டாம், அது பொம்பளைகளுக்கு என்றார். அதில் மட்டும் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நானே கட்டி, நானே கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன். மரத்துக்குக் கீழே நிற்கும்வரைக்கும் நான் சொல்கிறபடிதான்.

ஏறினார். உண்மையைச் சொல்ல வேண்டும், ஏறினார். உச்சிக்குப் போனதும் அங்கேயிருந்து அண்ணாச்சிக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு, ராஜா மாதிரி உட்காரலாம் என்று இடது காலைச் சட்டத்திலிருந்து எடுத்து மட்டைமேல் போட்டார். பாரம் போனதும் வடம் தளர்ந்து, அந்தச் சட்டம் மரத்தோடு வழுக்கிக்கொண்டு இறங்கி வந்து என் காலடியில் நின்றது. ஆடிக் காற்று வேறு கணவாயிலிருந்து கிளம்பிவிட்டது. இப்போது மெஷினில் பாதி இவரிடம், பாதி என்னிடம். சொன்னது மூன்று, கேட்டது ஒன்று. வடத்தை மட்டும் ஒழுங்காக இறுக்கியிருந்தார்.

குரல் கொடுக்க மறந்தாரே, அது யார் தலையில் விடிந்தது தெரியுமா? தோப்பு வீட்டுக் குளியலறைத் தகரக் கூரை ஆனிக் காற்றிலேயே பறந்துவிட்டது. ‘மாத்துவோம், மாத்துவோம்’ என்று அண்ணாச்சி இன்னும் மாற்றவில்லை. அதற்குள்ளே அவருடைய மனைவி எப்சிபா அக்கா தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு நின்றவர் அண்ணாந்து பார்த்தார். உச்சியில் சுரேஷ்கண்ணன்! அக்கா போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் போயின. அண்ணாச்சி குடையை எடுத்துக்கொண்டு ஓடி, சுவருக்குமேலே விரித்துப் பிடித்தார். ஆடிக் காற்று அதைக் கிண்ணம் மாதிரி மேல்பக்கமாக மடக்கிவிட்டது.

“ஏலே சுரேசு! கண்ணத் தொறந்த, தொலைச்சுப்புடுவேன்!” என்றார் அண்ணாச்சி.

“நான் அப்பவே மூடிட்டேன் அண்ணாச்சி! சத்தியமா மூடித்தான் இருக்கேன்!” என்றார் இவர்.

“மூடுனா எறங்குலே!”

“மூடிக்கிட்டு எப்படி அண்ணாச்சி எறங்க?”

உள்ளேயிருந்து எப்சிபா அக்கா, “என்னங்க, கண்ணெல்லாம் எரியுது. சர்ச்சு மணி அடிச்சாச்சு. அந்தப் புள்ள பாண்டீஸ்வரி ஏறுனப்ப நான் ஒரு நாளாச்சும் இப்படி மூலையில குத்தவச்சு ஒக்காந்திருந்தேனா? எந்தப் புத்தகத்துல போட்டிருக்காம், கொண்டாங்க, அடுப்புல வைக்கிறேன்!” என்றார். அந்த அடுப்பில் எரியப்போவது உங்கள் புத்தகம்தான் ஐயா, தெரிந்துகொள்ளுங்கள். அண்ணாச்சி இப்போது மடங்கிய குடையோடு என்னிடம் வந்து நிற்கிறார். “ஏத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும், அவன எப்படியாச்சும் எறக்கு” என்கிறார். கடிதம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பூமாரிக்குப் போன் போட்டாயிற்று. அவள் தன் மெஷினைக் கொண்டு வருவாள். வந்தால்தான் நான் ஏற முடியும். மெதுவாக வரட்டும், எனக்கு ஓர் அவசரமும் இல்லை. இறங்கித்தான் என்ன செய்யப்போகிறார்? மறுபடி மெஷின் எம் பொறுப்பு என்பார். கல்யாணமான நாள் முதல் நான் சொன்ன எதையும் ஒரே தடவையில் கேட்டதில்லை. குக்கர் விசிலை எண்ணச் சொன்னால் எண்ணமாட்டார். குடை எடுத்துப் போகச் சொன்னால் போகமாட்டார். இப்போது நல்ல காற்றோட்டமான இடம், யோசிக்கட்டும். (குரும்பை இல்லை ஐயா, இந்த முறை ஒரு முழு இளநீர். மூட்டைமேலேயே விழுந்தது. “குக்கர் விசில ஏண்டி ஊருக்கெல்லாம் சொல்ற!” என்கிறார்.)

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன். அந்த வரியை அடுத்த இதழில் எடுத்துவிட்டதாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். போடாவிட்டால் மெஷினோடு உங்கள் அலுவலகத்துக்கே வருவேன். உங்கள் மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். வருமுன் குரல் கொடுப்பேன், பயப்பட வேண்டாம். அதோ, பூமாரியின் வண்டிச் சத்தம் கேட்கிறது. இத்துடன் முடிக்கிறேன். தங்கள் இதழ் தழைக்கட்டும், தங்கள் தோப்பில் குரும்பை உதிராமல் காய் பிடிக்கட்டும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு அன்பும் சொல்லவும்.

இப்படிக்கு,
எவருக்கும் பயப்படாத,
சு. பாண்டீஸ்வரி

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. தபாலில் போடுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள கடிதம் உங்களுக்கு எழுதியது இல்லை. வாய்விட்டு எழுதும் பழக்கமும் எனக்குக் கிடையாது.

சட்டம் கீழே வந்து விழுந்ததும் நான் அண்ணாந்து பார்த்தேன். இவர் இரண்டு கையாலும் மட்டையைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடியது எப்சிபா அக்காவுக்காக இல்லை, பயத்தில். காற்றில் மரம் ஆட ஆட, “பாண்டி, என்னால முடியலத்தா” என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. “பயப்படாதீக”, “கெட்டியாப் பிடிங்க” என்று கத்திப் பார்த்தேன், நடுக்கம் அதிகமாயிற்று. பூமாரியைத் தலைதெறிக்க வரச் சொல்லிவிட்டு, அவள் வரும்வரை இவரை எப்படிப் பிடித்துவைப்பது என்று யோசித்தேன். இவருக்குக் கோபம் வந்தால் வேறு ஒன்றும் நினைவிருக்காது. அதனால்தான் அண்ணாச்சியிடம் பேப்பர் வாங்கி உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி கடிதம் எழுதினேன். முதல் குரும்பை வந்து விழுந்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. எறிவதற்கு ஒரு கையை விட்டிருக்கிறார் அல்லவா! இளநீரைத் திருகிப் பறிக்க இரண்டு கையும் வேண்டும், அது விழுந்தபோது பயம் விட்டுப்போயிற்று என்று தெரிந்துகொண்டேன். பூமாரி வந்ததும் அவள் மெஷினில் ஏறிப் போய், கீழே வந்த சட்டத்தை அவர் காலடியில் மாட்டினேன். நான் கீழே, அவர் மேலே, இடது, வலது என்று நான் சொல்லச் சொல்ல இறங்கினோம். ஒரு சொல் மீறவில்லை. இதை உங்கள் யோசனைகளில் சேர்த்துக்கொள்ளுங்கள்: மேலே மாட்டிக்கொண்டவருக்குத் தைரியம் சொல்லாதீர்கள், கோபமூட்டுங்கள். ஸ்டூல், ஏணி, எல்லாம் அதற்காக எழுதியது. அந்த வரியை எடுக்கச் சொன்னது மட்டும் அப்படியே நிசம்.

வெட்டு எனக்குத்தான். எப்சிபா அக்கா சர்ச்சுக்குப் போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டாராம். இன்று காலை முதல் மரத்தில் வடத்தை மாட்டிவிட்டுக் குரல் கொடுக்க வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் பம்புசெட் பக்கம் திரும்பி, தோப்பே அதிரும்படி முந்திக்கொண்டார்: “மரத்துல எம் பொண்டாட்டி ஏறுறாடேய்ய்! எல்லாப் பயலும் துண்டக் கட்டுங்கலே!”