கார் வீடாகுமா?

"மாமா, ஒரு அரை மணி நேரம் தறியை நிறுத்துங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

இடுப்பில் கைலி, மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, டை. இந்தக் கோலத்தில் கிரிதரன் பக்கத்து வீட்டு வாசலில் நின்று கெஞ்சினான். மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு மேனேஜர் தமிழ்ச்செல்வி மேடம் வீடியோவில் வருவார். செல்லூர்ச் சந்தில் இருக்கும் இவன் வீடு ஆபீஸ் வேலைக்கு ஏற்ற அமைதியோடு இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் நாளையிலிருந்து வீட்டிலேயே வேலை. இல்லையென்றால் மனைவி சூடாமணி, மூன்று மாத இரட்டைப் பெண்களைத் தூக்கிக்கொண்டு பரமக்குடிக்குப் போய்விடுவாள்.

"பகல் பூரா ஒத்தையாளா ரெண்டையும் பாக்க முடியாது. நீங்க வீட்ல இருந்தா நானும் இருக்கேன். இல்லேன்னா எங்கம்மா வீடு. இதுக ஓடியாடித் திரியிறப்ப வந்து கூட்டிக்கங்க" என்று நேற்றே சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் இது இன்னும் காரமாகவே இருந்தது. பெட்டி வேறு பாதி கட்டியாகிவிட்டது. அந்த இரண்டு பொக்கை வாய்களையும் பார்க்காமல் கிரிதரனால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.

சௌந்தரராஜன் மாமா தங்கமான மனுஷர். உடனே தறியை நிறுத்தினார். சந்து அமைதியானது.

மூன்றாவது நொடி, இரண்டு குழந்தைகளும் வீல் என்று அலறின.

பிறந்ததிலிருந்து அந்தக் கடகட சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள். அது நின்றால் தூக்கம் போய்விடும் என்று இவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அப்பன் லட்சணம் அப்படி!

"எந்தப் புண்ணியவான் தறியை நிறுத்தச் சொன்னது?" உள்ளேயிருந்து சூடாமணி கத்தினாள்.

"மாமா, ஓட்டுங்க மாமா!"

தறி ஓடியது, பிள்ளைகள் தூங்கின. கிரிதரன் லேப்டாப்போடு மொட்டை மாடிக்கு ஓடினான். அங்கே சாயம் தோய்த்த நூல் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று ஒரு கற்றையைத் தூக்கி அவன் மேல் அறைந்ததில் நீலச் சட்டை பாதி அரக்கு நிறமாகிவிட்டது.

சட்டையை மாற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தவனைக் கூட்டாளி சோணைமுத்து பிடித்துக்கொண்டான். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். ஆற்றங்கரை ரோட்டில் அவன் வண்டிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

"என்ன மாப்ள, மூஞ்சி செத்துக் கெடக்கு? " கிரிதரன் விஷயத்தைச் சொன்னான். "அம்புட்டுத்தானா? முன்னாடி வேன்ல ஏறு. ஏசி இருக்கு, கண்ணாடிய ஏத்திட்டா ஒரு பய சத்தம் கேக்காது."

கிரிதரன் வீட்டுக்கு ஓடி, சுவர்க் கடிகாரத்தையும் முருகன் காலண்டரையும் கழற்றிக்கொண்டு வந்தான். வேன் ஜன்னல் திரையில் இரண்டையும் மாட்டினான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க வீடு மாதிரியேதான் இருந்தது.

பத்து மணிக்கு மேடம் வந்தார். அவருக்குப் பின்னாலும் அழகான திரை.

"பரவாயில்லையே கிரிதரன், அமைதியா இருக்கே! நான் இருக்கிறது பஸ் இரைச்சல் ஓயாத கோரிப்பாளையம் ஜங்ஷன்லயே. ஆனா பாருங்க, எங்க வீட்ல ஊசி விழுந்தாக் கேக்கும். மனசு வச்சா எதுவும் முடியும்."

அப்போது வெளியே வெங்காய வண்டி மைக்கில் கூவிக்கொண்டு போனது. ஒரு நொடி கழித்து அதே கூவல் ஹெட்செட்டிலும் கேட்டது.

"உங்க பக்கமா?" என்றார் மேடம் சட்டென்று.

"உங்க பக்கம்னு நெனச்சேன் மேடம்."

இருவரும் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்கள்.

"சரி, வேலைக்கு வருவோம். போன வாரம் நீங்க பாத்த பில் ஒண்ணு."

அவர்கள் ஆபீஸ் அமெரிக்க டாக்டர்களுக்கு பில் போடுவது. டாக்டர் வீடியோவில் பார்த்தால், நோயாளி எங்கே இருந்தார் என்பதற்கு ஒரு கோட் உண்டு. வீட்டில் என்றால் பத்து, வேறெங்காவது என்றால் ரெண்டு. மாற்றிப் போட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி முகத்தில் வீசிவிடும்.

"நோயாளி தன் வீட்டு வாசல்ல நிக்கிற கார்ல உக்காந்து டாக்டர்கிட்டப் பேசியிருக்கார். கார் வீடாகாதுன்னு நீங்க ரெண்டு போட்டிருக்கீங்க. சரியா?"

கிரிதரன் பதில் சொல்லுமுன் பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. சோணைமுத்து தாவி ஏறி வேனைப் பத்தடி முன்னே நகர்த்திவிட்டு இறங்கி ஓடினான். கடிகாரம் ஊஞ்சலாடியது.

"என்ன கிரிதரன், உங்க வீடு நகருது?"

"பக்கத்து வீட்டுத் தறி, மேடம். அதிர்வு!"

மறு நிமிஷம் மேடத்தின் திரையும் ஆடியது. மேடமே ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்.

"நெட்வொர்க் சரியில்ல" என்றார் தோளைத் தடவிக்கொண்டே. "நீங்க சொல்லுங்க, கார் வீடாகுமா?"

"ஆகும் மேடம்!" என்றான் கிரிதரன். "நான் போட்டதுதான் தப்பு. தனிமை வேணும்னு கொஞ்சம் தள்ளிப் போய் உக்காந்தாலும் வீட்டுக் கணக்குதான்னு விதியே இருக்கு. ஒரு மனுஷன் வீட்டுக்குள்ள நிம்மதியாப் பேச முடியாம வண்டியில போய் உக்காருறான்னா, அவன் எம்புட்டு நொந்திருப்பான்! அவன்கிட்டப் போய் இது வீடு இல்லைன்னு எப்பிடிச் சொல்றது?"

மேடம் கர்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"ரொம்பச் சரி. இதை இம்புட்டு அழகா யாரும் சொன்னதில்ல. நாளையிலருந்து நீங்க வீட்லயே வேலை பாருங்க."

கிரிதரன் துள்ளியதில் தலை வேன் கூரையில் இடித்தது. வலிக்கவே இல்லை. உடனே சூடாமணிக்குப் போன் போட்டான்.

"பெட்டியப் பிரி! கெடைச்சிருச்சு!"

"நெசமாவா?" அவள் சிரித்த சிரிப்பு தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சோணைமுத்து கதவைத் திறந்ததும் கிரிதரன் அவனைக் கட்டிக்கொண்டான். "மாப்ள, தெனமும் பத்து மணிக்கு இந்த வேன் எனக்குத்தான்!"

"தாராளமா உக்காரு. ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசு மாப்ள. பின்னாடி வேன்ல கோரிப்பாளையத்து மேடம் ஒருத்தவுக ஆறு மாசமா ஆபீஸ் நடத்துறாக. நான் அந்த வண்டிய நகட்ட ஏறுறேன், 'உங்க வீடு நகருது'ன்னு எவனையோ மெரட்டிக்கிட்டு இருக்காக. பாவம், ஒம் பேருதான் அவனுக்கும்!"