துவரை நுனியும் மொக்கையன் கொம்பும்

முதலில் கை ஓங்கியவன் கரடி சடையாண்டி. இதை முடிந்து வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

ஒரு காட்டில் மொக்கையன் என்றொரு கிழட்டுக் கிடா இருந்தான். ஆடி மாதம் சடையாண்டி ஓடைக்கரையில் துவரை விதைத்தான். செடி முழங்கால் உயரம் வந்ததும் மொக்கையன் வேலி ஓட்டை வழியாக உள்ளே போய், கொழுந்து நுனிகளை மட்டும் கடித்துத் தின்றான். பல் ஆடும் வாய்க்குத் தண்டு ஆகாது.

சடையாண்டி கல்லை விட்டெறிந்தான். இடது கொம்பு ஒடிந்து ஓடையோடு போயிற்று. அதோடு விட்டானா? காட்டையே கூட்டி, கிடா இனிச் சுனைப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்பும் வாங்கினான். அன்றுமுதல் மொக்கையனுக்குச் சேற்றுத் தண்ணீர்தான்.

தை பிறந்தது. கடிபட்ட செடியெல்லாம் பக்கவாட்டில் கிளைத்து, காய் தாங்காமல் சாய்ந்து நின்றது. வேளாண்மை அதிகாரி மயிலார் வந்து சடையாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"செடியின் நுனி ஒரு ஹார்மோனைத் தயாரிக்கிறது. அது தண்டு வழியே கீழே இறங்கி, பக்க மொட்டுகளை முளைக்கவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அந்த வரத்து நின்றுபோகும். அடங்கிக் கிடந்த மொட்டெல்லாம் கிளையாகும். இதை அறிந்து கிள்ளிய சடையாண்டி அவர்களை..."

கூட்டத்தின் பின்னாலிருந்து மொக்கையன் கத்தினான். "கிள்ளினது அவன் கையா, என் வாயா? கேளுங்கய்யா!"

"யோவ் கிழவா, ஹார்மோன்னா என்னன்னு தெரியுமாய்யா உனக்கு?" என்றான் சடையாண்டி.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாட்டி என்ன? பொன்னாடை என் தோள்லதானே கிடக்கு."

கூட்டம் சிரித்தது.

மறுநாள் மொக்கையன் மயிலாரின் அலுவலகத்தில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, அவர் முன்னால் போய் ஒடிந்த கொம்பைக் காட்டினான். மயிலார் கம்ப்யூட்டரைத் தட்டி அவன் பதிவைத் திறந்தார்.

"போட்டோவுல ரெண்டு கொம்பு இருக்கேப்பா."

"அது ஒடியறதுக்கு முன்னாடி எடுத்ததுங்கய்யா."

"மெஷின்ல இருக்கிற கொம்பை இல்லைன்னு சொன்னா பொய்ப் புகார் ஆயிடும். பேசாம வீட்டுக்குப் போ."

அவருக்குக் கீழே குமாஸ்தாக் கொக்குகள் ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தன. ஐயா இருக்கும்வரை அவற்றுக்கு வேலையும் கிடையாது, வாயும் கிடையாது. மேடையில் கேட்ட பேச்சு மொக்கையனுக்கு அப்போதுதான் விளங்கியது. நுனி இதோ இருக்கிறதே! எகிறினான், மயிலாரின் கொண்டையை ஒரே கடியாகக் கடித்து மென்றான். இளசாகத்தான் இருந்தது.

கொண்டை போன வெட்கத்தில் மயிலார் நீண்ட விடுப்பில் போனார்.

கொக்குகள் கண் விழித்தன. கொம்புக்கு ஓர் அதிகாரி, சுனைக்கு ஓர் அதிகாரி, வேலி ஓட்டைக்கு ஓர் அதிகாரி, கொண்டை கடித்த குற்றத்துக்குத் தனியாக ஓர் அதிகாரி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வரிசை.

"போட்டோவுல ரெண்டு கொம்பு இருக்கே, பெரியவரே?" என்றது ஒவ்வொரு கொக்கும்.

மொக்கையன் இன்னும் வரிசையில் நிற்கிறான். சடையாண்டி சுனையோரம் பொன்னாடையை விரித்துப் படுத்திருக்கிறான்.

நீதி: அதிகாரியைக் கடிக்குமுன், அவருக்குக் கீழே எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சடையாண்டி ஒரு கொம்பு தரவேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.