முதல் வருஷ அறிக்கை

‘சம்பவம் நடந்த இடம்’ என்று எழுதி அடியில் கோடும் போட்ட பிறகுதான், தான் எழுதிக்கொண்டிருப்பது தன் கல்யாணத்தைப் பற்றி என்பது சர்வேயருக்கு உறைத்தது.

தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். அன்றைக்கு அது ஆறாவது தாள்.

இவர் நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். எங்காவது தீப்பிடித்தால், சுவர் இடிந்தால், லாரி கவிழ்ந்தால், மறுநாள் காலையில் அளவு நாடாவும் டார்ச்சுமாகப் போய் நிற்பார். என்ன போயிற்று, எதனால் போயிற்று, யார் பார்த்தார்கள் என்று எழுதுவார். பன்னிரண்டு வருஷமாக அவர் பேனா வேறு எதையும் எழுதியதில்லை. ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயரே ‘சேதம்’.

அப்பேர்ப்பட்டவர் இப்போது சந்தோஷத்தைப் பற்றி எழுத வேண்டும்.

எல்லாம் முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னதில் ஆரம்பித்தது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம கல்யாண நாள். அம்மா வீட்ல மதியச் சாப்பாடு. நீங்க அறிக்கை வாசிக்கணும்.”

“என்ன அறிக்கை?”

“முதல் வருஷ அறிக்கை. எங்க வீட்டு வழக்கம். புது மாப்பிள்ளை முதல் வருஷம் எப்படிப் போச்சுன்னு எழுதிட்டு வந்து, எல்லார் முன்னாடியும் நின்னு வாசிக்கணும்.”

“இதை நீ முன்னாடியே சொல்லலையே?”

“சொல்லியிருந்தா நீங்க கல்யாணத்துக்கே வந்திருக்க மாட்டீங்க.”

அதை அவரால் மறுக்க முடியவில்லை. மனிதர் பேச்சில் அவ்வளவு சிக்கனம். மனைவியோ, பேசத் தயங்கும் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். வாயையே திறக்காத பிள்ளைகளைக்கூட மூன்றே மாதத்தில் ‘கொஞ்ச நேரம் சும்மா இரேன்’ என்று பெற்றவர்கள் கெஞ்சும் அளவுக்கு ஆக்கிவிடுவாள். கட்டின கணவனிடம் மட்டும் அவள் பாச்சா பலிக்கவில்லை. “என்னோட சந்தோஷமா இருக்கீங்களா?” என்று ஒரு தடவை கேட்டதற்கு, அவர் நன்றாக யோசித்து, “குறை ஒண்ணும் தெரியல” என்றார். அவர் தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. அது அவளுக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு முழுக்க அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

ஏழாவது தாளை எடுப்பதற்கு முன் ஒரு மாதிரி கிடைத்தால் தேவலை என்று தோன்றியது. மாமியாருக்குப் போன் போட்டார்.

“அத்தை, பெரிய மாப்பிள்ளை எழுதினது இருக்குமா? ஒரு பார்வை பார்த்துட்டுத் தரேன்.”

மாமியார் இழுத்தாள். “அது… வீடு மாத்தும்போது எங்கயோ போயிடுச்சு மாப்பிள்ளை. ஒரு பக்கம்தான் எழுதினார். ஆனா அருமையா வாசிச்சார்.”

ஒரு பக்கமா என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உறுதி செய்துகொள்ளப்போய் மச்சினனைக் கூப்பிட்டதுதான் தப்பாகப் போயிற்று.

“ஒரு பக்கமா? யார் சொன்னது? நாலு பக்கம் அத்தான். பயணம் தனியா, குடும்பம் தனியா வரணும். கேட்டவங்க கண்ணு கலங்கணும். கலங்கலைன்னா மறுபடி எழுதச் சொல்லுவாங்க. அதெல்லாம் அப்பா பீரோவுல பத்திரமா இருக்கு.”

சாட்சிகள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் சர்வேயர் சும்மா விடமாட்டார். நாலு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்பார். ஆனால் இவர்கள் சாட்சிகள் இல்லை, மாமியார் வீட்டார். மாமனார் பீரோவைத் திறக்கச் சொல்லும் தைரியம் எந்த மாப்பிள்ளைக்கு உண்டு? பெரிய மாப்பிள்ளையான சகலையிடமே நேரடியாகக் கேட்கலாமென்றால் அவர் கப்பலில் இன்ஜினீயர். நடுக்கடலில் இருந்தார். அனுப்பிய செய்தி போய்ச் சேரவே இல்லை.

ஆக, எழுதத் தெரியாதவர் எழுத வேண்டிய அளவு ஒரே போனில் நாலு மடங்கு ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் தபால் பிரிவுக்காரரைப் பிடித்தார். யார் ரிட்டயர் ஆனாலும் வாழ்த்துமடல் எழுதுகிறவர். ‘ஆஸ்தானம்’ என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

“நீங்க எங்கெங்க போனீங்கன்னு மட்டும் சொல்லுங்க சார். மீதியை நான் பார்த்துக்கறேன்.”

“ஒரு ஏரி. படகுல போனோம். ஒரு மலை. அப்புறம் ரயில்.”

“போதும்.”

புதன்கிழமை நாலு பக்கம் வந்து சேர்ந்தது. ‘பால்நிலவு பொழிந்த அந்த இரவில், அலைகளின் தாலாட்டில், என் தோளில் பூவெனச் சாய்ந்தாள்’ என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் போனது. சர்வேயர் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓரத்தில் எழுதினார்: ‘இரவு இல்லை. பகல் 11.30. நிலவு சாத்தியமில்லை.’ இரண்டாவது பக்கத்தில்: ‘மலையுச்சியில் கைகோத்து நின்றதாகக் கூறப்படுவது தவறு. உச்சிக்குப் போகவில்லை.’ நாலு பக்கத்திலும் சேர்த்துப் பத்தொன்பது திருத்தம்.

ஆஸ்தானம் அதைப் பார்த்துவிட்டு, “இதுக்கு நீங்க போலீஸ்ல வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்” என்று சொல்லி, அந்த வாரம் முழுக்க அவருக்கு வந்த தபாலைக் கடைசியில்தான் கொடுத்தார்.

அந்த நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எந்த ஆவணத்தையும் அழித்துப் பழக்கமில்லாத மனிதர், மடித்துப் பேன்ட் பாக்கெட்டில் வைத்தார். வியாழக்கிழமை துணி துவைக்க எடுத்த மனைவி கையில் அது சிக்கியது.

“ஏங்க, படகுல உங்க தோள்ல சாய்ஞ்ச பூ யாரு?”

“நீதான்.”

“நான் வாந்தி எடுத்தேன்.”

“ஆமா. அதைத்தான் ஓரத்துல திருத்தியிருக்கேன்.”

“எழுதினது யாரு?”

பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. “ஆஸ்தானம்” என்றார்.

அவள் தாளை மெதுவாக மடித்தாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. “நம்ம வருஷத்தைப் பத்தி எழுத உங்களுக்கு வெளியாள் தேவைப்பட்டிருக்கு” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“எனக்கு எழுத வராதும்மா.”

“எழுத வரலையா, எழுத ஒண்ணும் இல்லையா?”

அந்த இடத்தில் எந்தப் புருஷனும் யோசிக்காமல் ஒரு பதில் சொல்லியிருப்பான். இவர், கேள்விக்கு உரிய மரியாதையைக் கொடுத்து, “யோசிச்சு எழுதித் தரேன்” என்றார்.

அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

சனிக்கிழமை காலையில் ஒரு வேலை வந்தது. மழையில் பாதி வீடு சரிந்திருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வேயர் ஈரச் சுவர்களை அளந்துகொண்டு போனார். அந்த வீட்டுக்கார அம்மா கூடவே வந்து, பீரோ, கட்டில், தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். எல்லாம் முடிந்து அவர் படிவத்தை மூடும்போது, விழாமல் நின்ற ஒரு ஜன்னலின் மேல் கை வைத்தாள்.

“சாயங்காலம் நானும் எங்க வீட்டுக்காரரும் இங்கதான் சார் உக்காருவோம். சும்மாதான். பேசக்கூட மாட்டோம். நல்லா இருந்தோம். அதை எழுத உங்க தாள்ல இடம் இருக்கா?”

“இல்லம்மா” என்றார்.

சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை வீட்டுக்குள் போயிருப்பார். ஒரு வீட்டிலும் இப்படி ஒரு கட்டம் வேண்டுமென்று அவருக்குத் தோன்றியதில்லை. வீட்டில் ஒருத்தி இரண்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லாமலா இருந்தார்? அத்தனையும் தேதி, நேரத்தோடு அவருக்குத் தெரியும். ஸ்கூட்டர் சீட்டின் மேலேயே புதுப் படிவம் ஒன்றை விரித்து, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் எழுத ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார், மாமியார், மச்சினன், மனைவியின் அக்கா. மனைவி கடைசி நாற்காலியில், தரையைப் பார்த்துக்கொண்டு. சர்வேயர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“நிகழ்வு ஒன்று. இடம், மலைப்பாதை, இருநூற்றுப் பன்னிரண்டாவது படி. நேரம், காலை ஏழு நாற்பது. மனைவிக்கு மூச்சு வாங்கியது. ‘நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க’ என்றார். கீழே கையெழுத்திட்டவர் போகவில்லை. ஒன்றரை மணி நேரம் இருவரும் அந்தப் படியில் இருந்தோம். உச்சி பார்க்கப்படவில்லை. இழப்பு, ஏதுமில்லை.”

மச்சினன் சிரித்துவிட்டான். மாமியார் அவன் தொடையில் ஒன்று வைத்தாள்.

“நிகழ்வு இரண்டு. இடம், ஏரி, படகு. அலை, சுமார் அரை அடி. மனைவி என் சட்டையில் வாந்தி எடுத்தார். சட்டை முழுச் சேதம். மனைவி முதலில் அழுதார், பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு கரை சேரும்வரை நிற்கவில்லை. காரணம் கண்டறியப்படவில்லை. சட்டை அப்புறப்படுத்தப்படவில்லை. என் அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது.”

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். வாசல் பக்கம் கதவு திறந்து, பெட்டியோடு யாரோ உள்ளே வந்தது கேட்டது. கப்பல் சகலை. துறைமுகத்திலிருந்து நேராக வந்திருந்தார். மனைவியின் அக்கா அவரை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். சர்வேயர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று அவருக்குத் தெரியும்.

“நிகழ்வு மூன்று. இடம், இதே வீடு, குளியலறை. குழாய் உடைந்தது. நானும் மாமாவும் அடைக்க முயன்றோம். அவசரத்தில் மாமா என்னை, ‘டேய், அந்தத் துணியை எடுடா’ என்றார். பிறகு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு தேவைப்படவில்லை. என் அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைக்க ஆரம்பித்தார்.

“நிகழ்வு நான்கு. இடம், ரயில். மனைவி தூக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்கு மணி நேரம். கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.”

அவர் தாளைத் திருப்பினார். நிமிர்ந்து மனைவியைப் பார்க்க நினைத்தார், முடியவில்லை.

“முடிவுரை. கீழே கையெழுத்திட்டவர் இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறார். எல்லாமே ஏதாவது ஒன்று போன பிறகு பார்த்த வீடுகள். எதுவும் போகாத ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு அறிக்கை எழுதுவது இதுவே முதல் தடவை. அதனால் சரியான வார்த்தைகள் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தேன். இருக்கிறேன். மீண்டும் நிகழ வாய்ப்பு, உண்டு. தடுப்பு நடவடிக்கை, தேவையில்லை.”

உட்கார்ந்தார். மாமியார் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. மனைவி எழுந்து வந்து, யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டாள். அவள் கண் இரண்டும் குளமாக இருந்தன.

“எனக்குத் தெரியாமப் போச்சே” என்றாள்.

“நான் சொல்லலையே” என்றார்.

ஒரு வாரப் பாரம் இறங்கியது. கண் கலங்கவில்லை என்றால் மறுபடி எழுதச் சொல்வார்கள் என்ற கவலையும் இல்லை. கலங்காத கண் அங்கே ஒன்றுமில்லை, கப்பல் சகலையின் கண் தவிர. அவர் மட்டும் ஒன்றும் புரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது, ஒரு மாப்பிள்ளை இன்னொரு மாப்பிள்ளையிடம் கேட்கிற உரிமையோடு சர்வேயர் அவர் பக்கம் சாய்ந்தார்.

“அண்ணே, அத்தை ஒரு பக்கம்னாங்க, இவன் நாலு பக்கம்னான். உண்மையைச் சொல்லுங்க, உங்க முதல் வருஷ அறிக்கையை நீங்க எத்தனை பக்கம் எழுதினீங்க?”

மாமியார் அவசரமாகச் சாதம் போட வந்தாள். மச்சினனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மனைவியின் அக்கா மேஜைக்கு அடியில் கணவன் காலை மிதித்தாள். கடலில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த மனிதருக்கு அந்தச் சாடையெல்லாம் எட்டவில்லை.

“நானும் வந்ததுலேருந்து கேக்கணும்னு இருந்தேன் தம்பி,” என்றார் சகலை. “இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகி எனக்கு எட்டு வருஷம் ஆச்சு, இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்.”