ஏழாம் கேள்விக்கு முழு மதிப்பெண்

பொதுமக்களின் குறைகளைத் தீர்ப்பதற்கென்றே கட்டப்பட்ட அந்த அலுவலகத்தின் வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றது. யார் பார்த்து நட்டார்களோ, பொருத்தமென்றால் அப்படியொரு பொருத்தம். மனுக்கள் உள்ளே போய்த் தூங்கின; மனு கொடுத்தவர்கள் வெளியே மரத்தடியில் தூங்கினார்கள்.

ஒருநாள் காலை அந்த மரத்தின் பெரிய கிளை ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. இருபத்து மூன்று வருடமாக அங்கே வேலை பார்க்கும் தோட்டக்காரர் கண்ணில்தான் அது முதலில் பட்டது. பட்டதும் சட்டென்று கீழே பார்த்தார். அந்தக் கிளைக்கு நேர் கீழே மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவருடைய கூடப்பிறந்த அக்கா.

"அக்கா, கொஞ்சம் அந்தப் பக்கமா நகர்ந்து உக்காரு. கிளை விழுந்துடும் போலிருக்கு."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ சொன்னா ஆச்சா? ஆபீசுல நோட்டீஸ் ஒட்டட்டும், நகர்றேன். வேற எங்கடா நிழல் இருக்கு?"

அதிகாரிகளுக்கே எழுதி எழுதி, முத்திரை குத்தாத வார்த்தை எதுவும் அக்கா காதில் ஏறாமல் போய்விட்டது. தோட்டக்காரர் கண்காணிப்பாளரிடம் ஓடினார்.

"ஒரு கயிறு, ஒரு ரம்பம், ஒரு மணி நேரம். முடிச்சிடுறேன் சார்."

கண்காணிப்பாளர் ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். எங்கேயோ யாரோ ஒரு மரத்தை மொட்டையடித்து, அந்தப் படம் எல்லார் செல்போனிலும் சுற்றி வந்ததன் பலன் அது. 'தகுதி பெற்ற வல்லுநர் நீங்கலாக வேறெவரும் மரங்களின் மீது கை வைத்தலாகாது.'

"இத்தனை வருஷமா நான் கை வெச்சுக்கிட்டுத்தானே சார் இருக்கேன்?"

"அதை வெளியில சொல்லிடாதீங்க. நடந்தது நடந்துபோச்சு, நாங்க மன்னிச்சு விட்டுட்டோம்."

"அப்போ என் வேலை?"

"இலை மேல இருக்கிற வரைக்கும் அது மரம். கீழ விழுந்தா குப்பை. குப்பை உங்க துறை."

வல்லுநரைத் தேர்ந்தெடுக்கும் பணி போர்க்கால அடிப்படையில் தொடங்கியது. நாலு மாதம் ஆனது. எழுத்துத் தேர்வு என்று முடிவானதும் ஒரு சிக்கல் முளைத்தது. கேள்வித்தாள் தயாரிக்க வேண்டுமே, அந்தக் கட்டடத்தில் மரத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? தோட்டக்காரரைக் கூப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, இருபது கேள்வியும் பதிலும் வாங்கிக்கொண்டார்கள். அவரும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்துவிட்டு, கையோடு தன்னுடைய விண்ணப்பத்தையும் நீட்டினார்.

"கேள்வித்தாள் தயாரிச்சவரே பரீட்சை எழுதுறதா? நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று கண்காணிப்பாளர் மனம் வருந்தினார்.

ஏழாம் கேள்வி: பிளந்த கிளையை வெட்டும் முறை யாது? விடை: முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழிருந்து மேலாகப் பாதி அறுக்க வேண்டும். அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். மிச்சக் கட்டையைக் கடைசியில், கிளை புறப்படும் இடத்திலுள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல் எடுக்க வேண்டும். இந்த விடையைக் கால்புள்ளி பிசகாமல் எழுதிய ஒரே ஆள்தான் வேலைக்கு வந்தார். மரம் ஏறும் தேர்வும் ஒன்று இருந்தது. ஏணிக்குத் தகுதிச் சான்றிதழ் இல்லாததால் அது கைவிடப்பட்டது.

வல்லுநர் தலைக்கவசமும் இடுப்பில் கொக்கிகளுமாக, பெட்டி பிரித்த வாசனை மாறாமல் வந்து இறங்கினார். அடிமரத்தில் ஒரு கருவியை ஒட்டவைத்துக் கண்ணை மூடினார்.

"மரம் ரொம்ப மன அழுத்தத்துல இருக்கு."

"கிளை பிளந்திருக்கு சார்," என்றார் தோட்டக்காரர்.

"அது அறிகுறி. நான் ஆணிவேரைப் பாக்குறேன். நாள் பூரா ஜனங்க இதுக்குக் கீழ உக்காந்து கஷ்டத்தையே சொல்றாங்க. கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போச்சு."

"உள்ள இருக்கிறவங்களும் அதையேதானே சார் கேக்குறாங்க? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

வல்லுநர் யோசித்தார். "ஆராய வேண்டிய விஷயம்," என்று குறித்துக்கொண்டார்.

மரத்துக்குத் தினமும் இரண்டு மணி நேரம் புல்லாங்குழல் இசை என்று சிகிச்சை முடிவாயிற்று. மரத்தைத் தொடாமல், ஒலிபெருக்கியை மட்டுமே தொடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு எலக்ட்ரீஷியன் ஏறினார். அந்தக் கனத்த பெட்டியை, கைக்கு வாகாக இருந்த பிளந்த கிளையிலேயே கட்டிவிட்டு இறங்கினார்.

"கிளையை எப்போ சார் வெட்டுவீங்க?"

"வெட்டுறதா? மூணு மாசம் இசை கேக்கட்டும். அப்புறம் மரத்தோட விருப்பத்தையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணலாம்."

சனிக்கிழமை காற்று கிளம்பியது. நகம் நுழையாமல் இருந்த விரிசலில் இப்போது இரண்டு விரல் போகும். மேலே புல்லாங்குழல் ஊஞ்சலாடியது. கீழே அக்கா 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. கை வைத்தால் வேலை போகும், விட்டால் அக்கா போவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்காக வாசல் சாவி அவரிடம் இருக்கும். ஏறினார். கீழிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கடைசியாக ஒன்று. கயிற்றில் தொங்கிய கிளையைத் தூங்குகிற குழந்தையைப் பாயில் விடுவதுபோல் இறக்கினார். ஒலிபெருக்கியை நல்ல கிளை ஒன்றில் மாற்றிக் கட்டினார். கட்டைகளை அடுக்கி, தூளைக் கூட்டி, பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை விசாரணை. கண்காணிப்பாளர் ஏழாம் கேள்வியின் விடையைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டை அண்ணாந்து பார்த்தார். இம்மி பிசகவில்லை.

"இந்த முறை தெரிஞ்சவர்தான் செஞ்சிருக்கணும். இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினவர் ஒரே ஒருத்தர்தான்," என்று வல்லுநர் பக்கம் திரும்பினார்.

வல்லுநர் அவசரமாக இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தார். "சார், நான் நேத்து ஊர்லயே இல்ல!"

"தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு."

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோட்டக்காரரின் நாக்கு துறுதுறுத்தது. "கேள்வியே நான் எழுதினதுதானே சார்..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"அதனாலதான் உங்க மேல எனக்குச் சந்தேகமே வரலை. பதில் தெரிஞ்சிருந்தா நீங்க ஏன் கேள்வி கேக்கப் போறீங்க?"

அதற்குள் வல்லுநருக்குத் தெளிந்துவிட்டது. "கடமைக்கு ஏது சார் விடுமுறை?" என்று தலை குனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார்.

மரத்தடியில் அக்கா அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டாள். "படிச்சவன் படிச்சவன்தான்டா. எவ்ளோ சுத்தமா எடுத்திருக்கான் பாரு."

உண்மையைச் சொன்னால் தம்பிக்கு நியாயம் கேட்டு நாலு பக்கத்துக்கு மனு எழுதுவாள், அந்த மனுவே சாட்சியாகிவிடும். தோட்டக்காரரும் அண்ணாந்து பார்த்தார். "ஆமாக்கா, நல்ல வெட்டு," என்றார்.

"ஜனங்க எல்லாரும் சேர்ந்து ஒரு மனு கொடுக்குறோம். நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

வாங்கிப் படித்தார். வல்லுநரின் சேவையைப் பாராட்டிவிட்டு, அக்கா தன் சொந்தச் சரக்காகக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'இனி இவ்வளாகத்தில் தண்ணீர் ஊற்றவும் இலை கூட்டவும்கூட இவரைப் போன்று தகுதி பெற்றவர்களையே நியமிக்குமாறு வேண்டுகிறோம்.'

"அக்கா, இது என் வேலையாச்சே."

"அட, அந்த வரி இல்லேன்னா மனுவுக்கு ஒரு எடுப்பே இருக்காதுடா. இவங்க எந்த மனுவை எடுத்துப் பார்த்திருக்காங்க? போடு."

போட்டார். அந்த அலுவலகத்தின் வரலாற்றில் நாலே நாளில் நிறைவேறிய மனு அது ஒன்றுதான். ஐந்தாம் நாள் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார்.

"தோட்டக்காரர் பதவிக்குத் தேர்வு வைக்கிறோம். இருபது கேள்வி வேணும். பரீட்சையை நீங்க எழுத முடியாது, விதி உங்களுக்கே தெரியும்."

தோட்டக்காரர் பேனாவைத் திறந்தார். ஜன்னல் வழியே அக்காவின் மேசை தெரிந்தது. இப்போது அதன் மேல் சுள்ளென்று வெயில் அடித்தது. அவளோ நகராமல் அங்கேயே எழுதிக்கொண்டிருந்தாள்.

முதல் கேள்வி, என்று எழுதினார். 'விழப்போகும் கிளைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பும் முறை யாது?'

விடை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கண்காணிப்பாளர் சொன்னது சரிதான். இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு விடை தெரியவில்லை.