சுலக்ஷனாவுக்கு எள்ளு

“நூறு கிராம்… அது குடு,” என்றார் கந்தப்பன்.

“எதுங்கண்ணே?” என்று கேட்டான் கடைக்கார அழகன்.

“அதான்டா, சின்னதா, கறுப்பா இருக்குமே.”

“கடுகா?”

“கடுக எனக்குச் சொல்லத் தெரியாதா?”

“அப்ப கருஞ்சீரகமா?”

கந்தப்பன் கடைவாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, “எள்ளு,” என்று முணுமுணுத்தார்.

அழகன் கையிலிருந்த தராசுத் தட்டு நழுவித் தரையில் விழுந்தது. “எள்ளா? மறுபடியுமாண்ணே?”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்பு, மகள் சுலக்ஷனா றோலண்ட் என்ற கிறிஸ்தவ வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போன அன்று, கந்தப்பன் இதே கடையில்தான் எள்ளு வாங்கினார். முப்பது வருடம் தோட்டத்து பெக்டரியில் தேயிலை சலித்த மனிதர். அதுவரை யாரையும் அதட்டிக்கூடப் பேசாதவர். அன்றைக்குக் கொட்டுகிற மழையில், கண்மண் தெரியாத கோபத்தில், ஆற்றங்கரைக்குப் போனார். செம்புத் தண்ணீரில் பொட்டலத்தைக் கொட்டினார். அதைக் கையில் பிடித்தபடி, மகளின் நன்றிகெட்டதனத்தைப் பற்றி ஆற்றுக்குக் கால் மணி நேரம் எடுத்துச் சொன்னார். பிறகு செத்தவர்களுக்கு இறைப்பதைப் போல, உயிரோடிருந்த மகளுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தார்.

செம்பிலிருந்து தண்ணீர் ரத்தமாகச் சிவந்து விழுந்தது. அதை அவர் மனைவி வேலாயியிடம்கூடச் சொல்லவில்லை.

கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் சுலக்ஷனாவின் முதல் பிள்ளை வயிற்றிலேயே கலைந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று நாள்தான் இருந்தது. தண்ணீர் ஏன் சிவந்தது என்று கந்தப்பனுக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் எள்ளுருண்டை கிடையாது, நல்லெண்ணெய் கிடையாது. அமாவாசைக்குத் தகப்பனுக்கு இறைப்பதையும் விட்டுவிட்டார்.

போன வாரம் வேலாயி அழுது மன்றாடி மகளைப் போனில் அவரோடு பேச வைத்தாள். மகள் அவரிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்; அதையும் அவர் வேலாயியிடம் சொல்லவில்லை.

“வரேன்ப்பா. ஆனா எனக்கு எள்ளு எறச்ச அந்தக் கையாலயே எனக்கு எள்ளு எறால் செஞ்சு போடணும். அம்மா கை வைக்கக் கூடாது. அதச் சாப்பிட்டாத்தான் அந்த வீட்டுல மத்தது சாப்பிடுவேன். இல்லாட்டி வந்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்.”

எள்ளு இறால் என்பது அமெரிக்காவில் கடை போட்ட சீனாக்காரர்களின் சமையலாம். கொழும்பில் ஒரு சைனீஸ் சாப்பாட்டுக் கடையில் றோலண்ட் தினமும் செய்கிற வேலையே அதுதான். எப்படிச் செய்வது என்று மாமனாருக்குப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தான்.

“இந்தத் தடவ நல்ல எள்ளாவே தரேங்கண்ணே,” என்று அழகன் பயபக்தியோடு மடித்துக் கொடுத்தான்.

கடைப்படியில் பக்கத்து வீட்டு மீனம்மா எதிரே வந்தாள். “என்னாண்ணே பொட்டலம்?”

“எள்ளு.”

“எள்ளா! யாருக்குண்ணே?”

மணி பத்தரை. மகள் வருகிற பஸ் பன்னிரண்டுக்கு. கந்தப்பன் நிற்காமலே, “சுலக்ஷனாவுக்கு,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மீனம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்த்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

வீட்டில், காலையில் அட்டன் டவுனில் வாங்கிய இறால் ஐஸ் பிடித்துக் கல்லாகக் கிடந்தது. அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். ஐஸ் உருகியது. இறாலும் பாதி வெந்து, சுருண்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்தது.

போனை அழுத்தினார். “மாமா, எறால்ல ஈரமே இருக்கக் கூடாது. துணியால நல்லா ஒத்தி எடுங்க,” என்றது றோலண்டின் குரல்.

கைக்கு அகப்பட்டது அடுப்புத் துணி. ஒத்தி எடுத்ததும் இறால் கரியாகிவிட்டது. கழுவினார். மறுபடி ஈரமாகிவிட்டது.

“கோர்ன்ப்ளவர் மாவுல பெரட்டுங்க மாமா. ரொட்டி மாவு மட்டும் போட்டுறாதீங்க, களியாயிரும்.”

வீட்டில் ரொட்டி மாவுதான் இருந்தது. போட்டார். களியாகிவிட்டது. இறுகட்டுமென்று இன்னும் கொஞ்சம் போட்டார். இப்போது இறாலைத் தேட வேண்டியிருந்தது.

“எண்ணெய் நல்லா காயட்டும்.”

நன்றாகவே காய்ந்தது. மாவு உருண்டை விழுந்ததும் எண்ணெய் தெறித்து அடுப்பில் பட்டு, சட்டியே பற்றிக்கொண்டது. பதறிப்போன கந்தப்பன் ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றினார். தீ எழும்பிக் கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டு இறங்கியது. அவருடைய இடது புருவம் அதோடு போயிற்று. கரும்புகை தகர இடுக்கெல்லாம் புகுந்து லயத்து வீட்டு வரிசைக்கு மேலே கிளம்பியது.

ஆறாம் நம்பர் மலையில் வேலாயியோடு தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அந்தப் புகையைப் பார்த்தார்கள். மீனம்மா எள்ளுச் சேதியோடு அங்கே போய்ச் சேர்ந்து அப்போது பத்து நிமிடம் ஆகியிருந்தது.

இதெல்லாம் தெரியாத கந்தப்பன், மிஞ்சிய உருண்டைகளைப் பொறுக்கி வேறு சட்டியில் போட்டார். சோயா சோஸ், சீனி, வினிகர், வெள்ளைப்பூடு. சீனி கருகியது. கசப்பு போகட்டுமென்று இனிப்புப் பாகான கித்துள் பாணியை ஊற்றினார். அது ரோட்டுக்குப் போடுகிற தாரைப் போல இறுகிக்கொண்டது.

மிச்சம் எள்ளுதான்.

பொட்டலத்தைப் பிரித்தார். கரண்டியை எடுத்தவர், ‘அந்தக் கையாலயே’ என்று மகள் சொன்னதை நினைத்துக் கீழே வைத்தார். கையால் அள்ளினார். “சாமி, இது வேற எள்ளு. இத அதோட சேத்துறாத,” என்று கண்ணை மூடிக்கொண்டு நூறு கிராமையும் தூவி முடித்தார்.

“எம் பொன்னு மகளே!” என்று வாசலில் வேலாயியின் குரல் கேட்டது.

மகள் வந்துவிட்டாள், இவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக் கந்தப்பன் வெளியே ஓடினார். வேலாயி முதுகில் கொழுந்துப் பையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் மலையே இறங்கி வந்திருந்தது.

“எம்புள்ளைக்கு என்னாய்யா ஆச்சு?”

‘புள்ளைக்கு’ என்பது அவர் காதில் விழவில்லை. அவர் மனமெல்லாம் சட்டியில் இருந்தது. “கருகிப்போச்சு வேலாயி. என்னென்னமோ செஞ்சு பாத்தேன். ஒண்ணும் மிஞ்சல.”

வேலாயி அப்படியே சரிந்தாள். நாலு பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு சமையல் கெட்டதற்கு இவ்வளவா என்று கந்தப்பன் திகைத்து நிற்கும்போதே, சாவு மேளம் அடிக்கிற செல்லசாமி தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, வாசலில் காகிதத்தைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சத் தொடங்கினான்.

“யாருய்யா செத்தது?” என்று கேட்டார் கந்தப்பன்.

செல்லசாமி அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். “என்னாண்ணே இப்பிடிக் கேக்குறீங்க? ஒங்க மகதான். அண்ணி அவளுக்குப் போன் போட்டுக்கிட்டே வந்தாங்க. அவ எடுக்கவே இல்லயே.”

கந்தப்பன், தான் சமைத்துக்கொண்டிருந்தபோது யாருக்கோ சேதி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தார். பஸ் எங்கேயோ பள்ளத்தில் விழுந்திருக்கிறது. தூவி முடித்ததுதான் தாமதம், எள்ளு தன் வேலையைக் காட்டிவிட்டது. வாசலிலேயே உட்கார்ந்து, எள்ளு ஒட்டிய கையால் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். அதுவரை சந்தேகத்தோடு நின்றவர்களும் தகப்பனே அழுகிறாரே என்று சேர்ந்து அழுதார்கள். செல்லசாமி தப்பை அடிக்க ஆரம்பித்தான். கடையை மூடிவிட்டு வந்த அழகன் வாசல் கம்பத்தில் ஏறிச் சாவு வீட்டு வெள்ளைக் கொடி கட்டினான்.

பன்னிரண்டு மணி பஸ் ரோட்டில் நின்று போனது யாருக்கும் கேட்கவில்லை.

“யாருக்கு இந்த அழுகை?” என்ற குரல் மட்டும் கேட்டது.

மீனம்மா அலறினாள். தப்புச் சத்தம் நின்றது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நடுவே சுலக்ஷனா நின்றாள்; பின்னால் றோலண்ட், கையில் பெட்டியோடு.

வேலாயி பாய்ந்து மகளைக் கட்டிப்பிடித்தாள், அடித்தாள், மறுபடி கட்டிப்பிடித்தாள். சுலக்ஷனா அசையவில்லை. கொடியைப் பார்த்தாள், தப்பைப் பார்த்தாள், ஒற்றைப் புருவத்தோடு தரையில் கிடந்த தகப்பனைப் பார்த்தாள்.

“மறுபடியும் சாகடிச்சிட்டீங்களாப்பா?”

“இல்லம்மா… எள்ளு எறால்…”

“போதும். றோலண்ட், பெட்டிய எடுங்க. பஸ்ஸு இன்னும் வளைவு தாண்டியிருக்காது.”

அவள் திரும்பி நாலு அடி நடந்துவிட்டாள். கந்தப்பன் எழுந்து ஓடி வழியை மறித்து நின்றார். நாலு வருடமாக அடக்கி வைத்திருந்தது ஊர் முன்னால் உடைந்துகொண்டு வந்தது.

“போவாதம்மா! அன்னிக்கு ஒனக்கு எறச்சப்ப தண்ணி ரத்தமா செவந்து விழுந்திச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. ஒன் ரெண்டு புள்ளைங்களையும் கொன்னது இந்தக் கைதாம்மா.”

சுலக்ஷனா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நானும் அப்பிடித்தான்ப்பா நெனச்சேன்,” என்றாள். “ரெண்டு தடவையும்.”

கொடிக்கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த அழகன் மெதுவாகச் சறுக்கி இறங்கி, கந்தப்பன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு சொன்னான்:

“தண்ணி செவக்காம என்னா செய்யும்ண்ணே… அன்னிக்கு நீங்க நின்ன நெலமையில எள்ளு தீந்துபோச்சுன்னு சொல்லப் பயந்துக்கிட்டு, நான் மடிச்சுக் குடுத்தது நம்ம பெக்டரி தேயிலத் தூளு.”