மிளகுக்கான மகிழ்ச்சித் திட்டம்

பூனையோடு விளையாடியவர்கள் உலகில் எத்தனையோ பேர். ஆனால் பூனையோடு விளையாடுவதை முறைப்படி நிர்வகித்தவர் ஒருவரே. அவர் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் 'பணியாளர் மகிழ்ச்சிப் பிரிவின்' துணை மேலாளர். வருங்காலச் சந்ததி அவருக்குச் சிலை வைக்குமானால், காலடியில் ஒரு பூனையையும் வைக்க வேண்டும். பூனை அதற்குச் சம்மதிக்குமா என்பது வேறு விஷயம்.

அவர் வருவதற்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையில் யாராவது சிரித்தால் அதற்கு ஏதோ காரணம் இருந்தது. அவர் வந்த பிறகு சிரிப்புக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு முன் 'கூட்டு மலர்ச்சி'. உலைக்கு முன்னால் வேர்த்து வழிகிறவர்கூடக் கையைத் தூக்கிச் சிரித்தாக வேண்டும். சிரிக்க மறுத்த கிடங்குக் கண்காணிப்பாளரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப்பட்டது. அவர் பல்வலிக்குச் சான்றிதழ் கொண்டுவந்து தப்பித்தார்.

இப்படி ஊருக்கெல்லாம் மகிழ்ச்சியைப் பங்கிட்டுக் கொடுத்தவர் வீட்டில்தான், வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி வைத்த மிளகு என்ற பூனை, ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. கூப்பிட்டால் காதை மட்டும் ஆட்டியது.

துணை மேலாளர் ஆடிப்போனார். அரை நாள் விடுப்பு போட்டார். மனைவி காய்ச்சலில் கிடந்தபோது கிடைக்காத விடுப்பு அது. நிர்வாகத்தைக் குறை சொல்லக் கூடாது. அப்போது அவர் கேட்கவில்லை.

கால்நடை மருத்துவர் மிளகின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு துணை மேலாளரின் பக்கம் திரும்பினார். வந்திருக்கும் நோயாளி வாய்விட்டுச் சொல்லாது என்பதால், வளர்ப்பவரைக் கேட்பது அந்தத் தொழிலில் வழக்கம்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு, சார்?"

"போன வியாழக்கிழமை காலைலேருந்து, டாக்டர். அன்னிக்கு முக்கால் தட்டு மிச்சம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூரா சுவத்தப் பாத்துது. வரைபடமா போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

மருத்துவர் வரைபடத்தை மரியாதையோடு பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல. நாள் பூரா வீட்டுக்குள்ளயே கிடக்கு, கூட வெளையாட ஆளில்ல. அலுத்துப் போச்சு. இப்படி இருந்தா சாப்பாடு எறங்காது, ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும், நேரங்காலம் இல்லாமத் தூங்கும்."

கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வாசல்ல சத்தம் கேட்டா எழுந்து போய்ப் பாக்கறது, யாருமில்லன்னா மறுபடி வந்து அதே எடத்துல உக்காந்துக்கறது... அதுவும் இதுல சேருங்களா?"

"கண்டிப்பா சேரும்மா. அதுதான் முக்கியமான அறிகுறி. பூனை அப்படிப் பண்ணுதா?"

"பூனையும் பண்ணுது."

துணை மேலாளர் அதையும் குறித்துக்கொண்டார். தகவல் எங்கிருந்து வந்தாலும் ஏற்கிற பெருந்தன்மை அவருக்கு உண்டு.

மருத்துவர் சீட்டில் எழுதினார். தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் கூட உட்கார்ந்து விளையாட வேண்டும். போனைத் தொடக் கூடாது. முகத்தைப் பார்த்து விளையாட வேண்டும்.

மறுநாளே வீட்டுக் கூடத்தில் துவக்கக் கூட்டம் நடந்தது. கலந்துகொண்டோர்: துணை மேலாளர், மனைவி, சோபாவுக்கு அடியில் மிளகு. தொலைக்காட்சித் திரையில் திட்டம் ஓடியது. ஒளிப்புள்ளி துரத்தல், இறகுத் தூண்டில், அட்டைப்பெட்டிக் குகை, சறுக்குப் பலகை.

"கேள்வி இருந்தாக் கேக்கலாம்," என்றார் துணை மேலாளர், கூடம் நிரம்பி வழிவது போல.

"சறுக்குப் பலகைக்கு எங்க போவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பீரோவுக்குப் பின்னாடி ஒண்ணு சும்மா கிடக்குதே."

சும்மா கிடந்தது கேரம் போர்டு. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து போய் வாங்கியது. ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும் வரை ஆடியிருக்கிறார்கள். சிவப்புக் காயை மட்டும் மனைவி ஒருநாளும் அவருக்கு விட்டதில்லை. பிறகு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. இந்த வாரம் முடியட்டும், அடுத்த வாரம் ஆடலாம் என்றார். போர்டு பீரோவுக்குப் பின்னால் போனது. இப்போது அது தூசி தட்டப்பட்டு, சோபாவின் மேல் சரித்து வைக்கப்பட்டு, 'சறுக்குப் பலகை' என்ற புதுப் பொறுப்பை ஏற்றது. மிளகு அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது.

அன்றுமுதல் துணை மேலாளர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்தார். இது வரலாற்றில் முதல் முறை. மாலைக் கூட்டத்துக்கு அழைத்த பொது மேலாளரிடமே, "வீட்ல முக்கியமான அமர்வு இருக்கு சார், ஒத்திவைக்க முடியாது," என்று சொல்லிவிட்டார். வந்ததும் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தரையில் இறங்கினார்.

கைவிளக்கிலிருந்து கிளம்பிய ஒளிப்புள்ளி சுவரில் ஓடியது. அதன் பின்னால் துணை மேலாளர் ஓடினார், எப்படித் துரத்துவது என்று பூனைக்குக் காட்டுவதற்காக. மேசை முனையில் இடித்துக்கொண்டார். இறகுத் தூண்டில் அவருடைய சட்டைப் பொத்தானிலேயே மாட்டியது. மிளகு இரண்டையும் கண் கொட்டாமல் பார்த்தது. ஆக, பார்வையாளர் வருகை முழுமை என்று அன்றைய குறிப்பில் ஏறியது.

"என்னங்க, இன்னிக்கு அக்கா பேசினா," என்று மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அவ என்ன சொன்னான்னா..."

"உஷ். பூனையோட கவனம் கலையுது."

மனைவி உள்ளே போனாள். அக்கா என்ன சொன்னாள் என்பது இந்தத் திட்டத்தின் வரம்புக்குள் வராது.

வெள்ளிக்கிழமை அட்டைப்பெட்டிக் குகை. முன்மாதிரியாக அவரே முதலில் நுழைந்தார். தோள் வரை உள்ளே போனார், திரும்பி வர முடியவில்லை. மிளகு பெட்டியின் மேலே ஏறி, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

"டீய உள்ளயே குடுத்துடவா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

இருந்தும், திட்டம் வென்றது. மிளகு தட்டை நக்கிக் காலி செய்தது. ரோமம் மினுங்கியது. வாலைத் தூக்கிக்கொண்டு வீட்டை வலம் வந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று பொறாமைக்காரர்கள் சொல்லலாம். தொழிற்சாலை அப்படி நினைக்கவில்லை. 'கால் மணி நேரத்தில் மகிழ்ச்சி' என்று அவர் அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். கைதட்டல் அடங்க வெகு நேரமானது. அது புதன்கிழமை, கைதட்டுவது அட்டவணையில் இருந்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அசந்துபோனார். "எந்த வெளையாட்டு சார் இதுக்குப் பிடிச்சுது?"

துணை மேலாளர் தொண்டையைச் செருமினார். "ஒருங்கிணைந்த அணுகுமுறைன்னு சொல்லலாம், டாக்டர். நாலு வெளையாட்டும்..."

"கேரம்," என்றாள் மனைவி.

மருத்துவர் திரும்பினார்.

"மத்தியானம் சறுக்குப் பலகையக் கீழ எறக்கிப் போட்டு பவுடர் தூவுவேன். எதிர்ப் பக்கம் மிளகு உக்காந்துக்கும். நான் அடிச்சு முடிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கும், அப்புறம் அது கையால ஒரு காயத் தட்டிவிடும். இவர் வர்றதுக்குள்ள எடுத்து மறுபடி சரிச்சு வச்சுடுவேன்."

"திட்டத்துல இல்லாதத எப்படிம்மா செய்யலாம்?" என்றார் துணை மேலாளர். பிறகு ஏதோ தட்டுப்பட்டவராக, குரலை இறக்கிக் கேட்டார். "சிவப்பு?"

"அதுக்கே விட்டுக் குடுத்துடுவேன்."

"நீ யாருக்கும் சிவப்ப விட மாட்டியே."

"இது தெனமும் எதிர்ல வந்து உக்காருதே."

மருத்துவர் மிளகின் முதுகைத் தடவி, இனிமேல் சிகிச்சை தேவையில்லை என்றார். மனைவி கைப்பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து, மடிப்பை நீவி மேசைமேல் வைத்தாள்.

"இதுல பேர மட்டும் மாத்திக் குடுக்க முடியுங்களா?"

"பூனைதான் சரியாயிடுச்சேம்மா. யாருக்கு?"

அவள் சீட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள். மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்தார். முதல் நாள் அவள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"மனுஷங்களுக்கு எழுத இவங்களுக்கு அதிகாரம் கிடையாதும்மா," என்று துணை மேலாளர் நடைமுறையைச் சுட்டிக்காட்டினார்.

மருத்துவர் அதைக் காதில் வாங்கவில்லை. பேனா மூடியைத் திறந்தார். தொழில் பழக்கம் விடாது அல்லவா. துணை மேலாளரின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு, சார்?"

துணை மேலாளர் கோப்பைத் திறந்தார். பூனை சாப்பிட்டது, பூனை தூங்கியது, பூனை சுவரைப் பார்த்தது எல்லாம் நாள்வாரியாக இருந்தது. கடைசித் தாள் வரை புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"அவருக்குத் தெரியாது டாக்டர்," என்றாள் மனைவி. "கேரம் போர்டு பீரோவுக்குப் பின்னாடி போன நாள்லேருந்துன்னு போட்டுக்குங்க."